திருப்தியா என்று கேட்கிறார்கள்!

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கேள்வித்தாளுமாகச் சிலர் அவ்வப்போது நம் வாசல்களுக்கு வருகிறார்கள். தாராவிக்கும் வருகிறார்கள், செம்பூருக்கும் வருகிறார்கள், ஊரில் நம் பெற்றோர் குடியிருக்கும் தெருக்களுக்கும் போகிறார்கள். முன்பு தாளில் எழுதினார்கள். இப்போது கைக்கணினியில் தட்டுகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள்? டாக்டர் இருந்தாரா? மருந்து கிடைத்ததா? இப்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து முடிவில் ஒன்று கேட்பார்கள்: "மொத்தத்தில் உங்களுக்குத் திருப்திதானா?"

நம் தாய்மார்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? "ஏதோ, நல்லாத்தான் பாக்காவ" என்கிறார்கள். வந்தவர் 'திருப்தி' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். குறிகள் கூட்டப்படுகின்றன. கூட்டிய தொகை அறிக்கையாகிறது. அறிக்கை மேசை மேசையாக ஏறி, மக்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்ற செய்தியாக நாளேட்டில் வருகிறது. அதை நாமே டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறோம்!

இந்தத் 'திருப்தி' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறோம். கூலியையும் குடிசையையும் ரேஷன் அட்டையையும் பற்றிப் பேசும் நமது ஏட்டில் பிள்ளை வைத்தியத்துக்கு என்ன இடம் என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். பிள்ளைக்குச் சீக்கு வந்தால் முதலில் போவது கூலி. அடுத்து போவது அடகுக் கடைக்குத் தாலிக்கொடி. இதைவிட வேறு அரசியல் எது என்று நமக்குத் தெரியவில்லை.

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நிலையங்களில் புகார்ப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான நாட்களில் அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் வண்டிகள் எல்லாம் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயின என்று எந்த நிலைய அதிகாரியாவது சொல்லத் துணிவாரா? வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம் தனியாக ஒரு பதிவேட்டில் எழுதப்படுகிறது. தாமதம் தெரிய வேண்டுமானால் அதைத்தான் புரட்ட வேண்டும். பயணியின் முகத்தைப் பார்த்து யாரும் தாமதத்தைக் கணக்கிடுவதில்லை. மருத்துவ நிலையத்தில் மட்டும் ஏன் முகத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள்?

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குறை சொல்வதே வேலையாகக் கொண்டவர்கள் அல்ல நாம். 1971-ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமலே மாண்டன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த எண்ணிக்கை நாடு முழுவதற்கும் 28. மராட்டிய மாநிலத்தில் 16, தமிழ்நாட்டில் 13. இது தானாக வந்த முன்னேற்றம் அல்ல. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை மாகாணம். மருந்தை மொத்தமாக வாங்கிக் கடைக்கோடி நிலையம் வரை அனுப்புவதற்கென்று 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தது தமிழ்நாடு. கைப்பையும் நோட்டுமாகத் தெருத் தெருவாக நடக்கும் கிராம சுகாதார செவிலியரை அறியாத வீடு நம் ஊர்ப்பக்கம் உண்டா? இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே பேசுகிறோம். சரியாக நடக்கிற இடத்தில்தான் மேலும் சரியாக நடத்தச் சொல்லிக் கேட்க முடியும்.

பிள்ளை யார் கையில் வளர்கிறது?

புலம்பெயர்ந்து உழைக்கும் குடும்பங்களின் நிலைமை மற்றவர்களுக்கு உள்ளதைப் போன்றதல்ல. நாங்குநேரி, ராதாபுரம், சங்கரன்கோவில், திருச்செந்தூர் வட்டாரங்களிலிருந்து வந்து தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் சீத்தா கேம்ப்பிலும் குடியேறியவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் ஊரில் வளர்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் இட்லிச் சட்டியும் தையல் இயந்திரமும் இருக்கும்போது தொட்டிலுக்கு இடம் ஏது? தாய் வீட்டு வேலைக்குப் போனால்தான் வாடகை கொடுக்க முடியும் என்னும்போது பிள்ளையை யார் பார்ப்பது? ஆகவே பால்குடி மறந்ததும் பிள்ளை ஊருக்குப் போகிறது. அங்கே ஆச்சிதான் தாய், ஆச்சிதான் தந்தை.

அறிக்கைகளில் 'பராமரிப்பாளர்' என்று எழுதுகிறார்களே, நம்மைப் பொறுத்தவரை அந்தப் பராமரிப்பாளர் அறுபது வயதுக் கிழவி. ஏழு பெற்று இரண்டைப் புதைத்தவள். அவள் காலத்தில் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் வந்தால் மாட்டு வண்டி கட்டித் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். அவளிடம் போய்த் திருப்தியா என்று கேட்டால் என்ன சொல்வாள்? அன்றைக்கு இல்லாத கட்டடம் இன்று இருக்கிறது. அன்றைக்கு இல்லாத டாக்டரம்மா வருகிறார். காசு வாங்குவதில்லை. அவளுக்குத் திருப்தி இல்லாமல் என்ன? அவள் ஒப்பிடுவது தன் பழைய துக்கத்தோடு. பேரப்பிள்ளைக்கு இன்று கிடைக்க வேண்டியது எது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாத ஒன்றை அவள் எப்படிக் கேட்பாள்?

இன்னொன்றும் உண்டு. அவளுக்குப் பயம். நாளைக்கும் அதே நிலையத்துக்குத்தான் போக வேண்டும், அதே நர்சம்மா முகத்தில்தான் விழிக்க வேண்டும். கேள்வி கேட்க வந்தவர் யாருடைய ஆளோ, யார் கண்டது? தர்மத்துக்குப் பார்க்கிறவர்களைக் குறை சொல்லக்கூடாது என்ற எண்ணமும் அவள் நெஞ்சில் ஊறிக் கிடக்கிறது. இந்தத் 'தர்மம்' என்ற எண்ணத்தைத்தான் முதலில் பிடுங்கி எறிய வேண்டும். தீப்பெட்டி வாங்கினாலும் வரி, சோப்பு வாங்கினாலும் வரி, மகன் அனுப்பிய பணத்தில் வாங்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்திலும் வரி. அந்த வரியிலிருந்துதான் டாக்டரம்மாவின் சம்பளமும் அந்தக் கட்டடத்தின் சுண்ணாம்பும் வருகின்றன. இலவசம் என்பது பொய். முன்பணம் கட்டிவிட்டு வரிசையில் நிற்கிறவர்கள் நாம்!

நடுவண் அரசு 2016-இல் 'மேரா அஸ்பதால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரின் கைப்பேசிக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ வரும். திருப்தியா இல்லையா, இல்லையென்றால் ஊழியர் நடத்தையா, செலவா, துப்புரவா, சிகிச்சையின் தரமா என்று கேட்கும். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆச்சி சீட்டு வாங்கும்போது யார் எண்ணைக் கொடுக்கிறாள்? பம்பாயில் இருக்கும் மகனின் எண்ணை. பிள்ளை ஊரில் இருமிக்கொண்டிருக்கும். கேள்வி சயானில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும் தகப்பனின் சட்டைப் பையில் ஒலிக்கும். ஏதோ விளம்பரம் என்று அவன் அணைத்துவிடுவான். நம் குடும்பங்களின் குரல் அறிக்கையில் ஏறாமல் போவது இப்படித்தான்.

ஊசி போட்டால்தான் வைத்தியமா?

திருப்தி என்ற அளவுகோலில் இதைவிடப் பெரிய கோணல் ஒன்று இருக்கிறது. அந்தக் கோணல் நம் பக்கம்தான். தோழர்கள் கோபிக்கக்கூடாது.

பிள்ளைக்குப் பேதியாகிறது. ஆச்சி தூக்கிக்கொண்டு போகிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்து, நிறையக் குடிக்கக் கொடுங்கள் என்று அனுப்புகிறார். வீட்டுக்கு வந்தவள் என்ன சொல்கிறாள்? "ஒரு ஊசியக்கூடப் போடல, வெறும் பவுடரக் குடுத்து அனுப்பிட்டாவ!" மறுநாள் அதே பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் தனியார் டாக்டரிடம் கொண்டு போகிறாள். அவர் ஊசி போட்டு, மூன்று நிறத்தில் மாத்திரை கொடுத்து, கணிசமாகக் காசு வாங்கிக்கொள்கிறார். ஆச்சிக்குப் பரம திருப்தி! "கைராசிக்கார டாக்டர்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாள். தாராவி 90 அடி சாலையிலும் இதே கதைதான். ஆச்சிக்குப் பதில் அம்மா, அவ்வளவே.

உண்மை என்ன? பிள்ளைகளுக்கு வரும் சாதாரணப் பேதியில் கொல்வது பேதியல்ல, உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே கொல்கிறது. உச்சிக்குழி விழுந்துவிட்டது, தோஷம் தட்டிவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த உச்சிக்குழி பள்ளமாவது தோஷமல்ல, நீர் வற்றியதன் அடையாளம். அந்த நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்த 'வெறும் பவுடர்'தான். ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் பதினான்கு நாள் வரை கொடுக்க வேண்டும். பெரும்பாலான பேதிக்கு நுண்ணுயிர்க் கொல்லி மருந்தே தேவையில்லை. இரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தியெடுத்தாலோ அது வேறு. ஒரு நிமிடம் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தப் பவுடர் தன் பெருமையை நிலைநாட்டியது எங்கே தெரியுமா? நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள் மத்தியில், ஒரு முகாமில். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கில் மக்கள் எல்லை தாண்டி வந்தபோது மேற்கு வங்காளத்தின் பன்காவில் காலரா பிடித்துக்கொண்டது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. தரையெல்லாம் நோயாளிகள். டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களே கோப்பையில் பிடித்துக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. பிழைக்க வைத்தவை யாருடைய கைகள்? எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரின் கைகள், பாட்டிமாரின் கைகள். அந்த மருத்துவர் 2022-இல் மறைந்தார். பத்ம விபூஷண் 2023-இல், மறைவுக்குப் பிறகு வந்தது. உயிரோடு இருந்தபோது நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தோம்?

ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பவுடர் ஏன் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை? 2024-இல் 'சயின்ஸ்' என்ற உலகப் புகழ் பெற்ற இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம், வீட்டில் பிள்ளைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு நடிப்பவர்களை அனுப்பிப் பார்த்தார்கள். பவுடரை எழுதிக் கொடுக்காமல் விட்டதற்கு என்ன காரணம் என்று கணக்கெடுத்தார்கள். கடையில் சரக்கு இல்லாதது ஒரு காரணம். அது நூற்றுக்கு 6 பங்கு. வேறு மருந்து விற்றால் கிடைக்கும் இலாபம் இன்னொரு காரணம். அது 5 பங்கு. "வருகிறவர்களுக்குப் பவுடர் பிடிக்காது, அவர்கள் அதைக் கேட்பதில்லை" என்று மருத்துவம் பார்ப்பவர் மனத்தில் பதிந்துபோன எண்ணம் 42 பங்கு! இலாப வேட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மேடையில் முழங்கிப் பழகிய நமக்கு இதைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வந்தவர் தானே வாய் திறந்து உப்புச் சர்க்கரைக் கரைசலில் விருப்பம் காட்டியபோது அதை எழுதிக் கொடுப்பது நூற்றுக்கு 27 புள்ளி கூடியது. காசு செலவில்லை, சட்டம் தேவையில்லை, போராட்டம் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்த வாக்கியத்தை நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்: "டாக்டர், பிள்ளைக்குப் பேதி. உப்புச் சர்க்கரைப் பவுடரும் ஜிங்க் மாத்திரையும் வேண்டும். ஊசி தேவையா, எதற்கு என்று சொல்லுங்கள்."

ஊரில் இருக்கும் ஆச்சிக்கு இதை யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "சாப்பிட்டியா, மழை பெய்ஞ்சுதா" என்று பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பவுடர் கொடுத்த நர்சம்மாவைக் குறை சொல்லாமல், அவர்தான் சரியாகச் செய்தார் என்றும் சொல்லுங்கள். சரியாகச் செய்தவருக்கு ஏச்சும் தவறாகச் செய்தவருக்குக் கைராசிப் பட்டமும் கொடுத்துக்கொண்டிருந்தால் எந்த மருத்துவர்தான் எத்தனை நாள் சரியாகச் செய்வார்?

அரை நாள் கூலி

இனி பம்பாய்க்கு வருவோம். இங்கே நமக்குக் குறை பெரிய ஆஸ்பத்திரி இல்லாததல்ல. சயான் ஆஸ்பத்திரி நம் வாசலில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கி என்ற ஒன்றை 1989-லேயே தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டிய பொது மருத்துவமனை அது. பிள்ளைக்கு இருமல், காது வலி, சிரங்கு, தடுப்பூசி என்று வரும்போதுதான் சிக்கல். இவற்றுக்குப் பெரிய ஆஸ்பத்திரி எதற்கு? அதற்காகத்தான் 1988-இல் உலக வங்கிக் கடனில் பம்பாய்க்கும் சென்னைக்கும் சேர்த்து ஒரு திட்டம் போட்டு, சேரிப்பகுதிகளில் சுகாதார நிலையங்களை அமைத்தார்கள். நம் பெண்கள் 'போஸ்ட்' என்று சொல்வது அதைத்தான்.

நம் பெண்கள் பல காலமாகச் சொல்லிவரும் குறை நேரத்தைப் பற்றியது. காலையில் திறந்து பிற்பகலில் மூடும் நிலையத்துக்கு யார் போக முடியும்? வீட்டு வேலைக்குப் போகிறவள் ஒரு நாள் போகாவிட்டால் மூன்று வீட்டில் சம்பளம் பிடிக்கிறார்கள். விடிகாலை எழுந்து இட்லி அவிப்பவள் பத்து மணிக்குத்தான் கண் அசருகிறாள். பாப்படம் உருட்டுகிறவளுக்கு எண்ணிக்கைக்குத்தான் காசு. ஆகவே காசில்லா வைத்தியம் என்பது அரை நாள் கூலி விலையுள்ள வைத்தியம். தனியார் டாக்டரிடம் இரவு ஒன்பது மணிக்குப் போகலாம் என்பதற்காகவே காசு கொடுத்துப் போகிறார்கள். திருப்திக்காக அல்ல.

இதில் ஒரு மாறுதல் வந்ததை மறைக்கக்கூடாது. 2022 நவம்பரில் மாநகராட்சி 'ஆப்லா தவாகானா' என்ற மருந்தகங்களைத் திறந்தது. காலை 7 மணி முதல் 2 மணி வரை, பிறகு 3 மணி முதல் இரவு 10 மணி வரை என்று நேரம் அறிவித்தார்கள்; 147 வகைப் பரிசோதனை இலவசம் என்றார்கள். பெயரில் இருக்கும் அரசியல் எதுவாக இருந்தாலும் இரவு 10 மணி என்பது உழைப்பவனின் நேரம், அதை வரவேற்கிறோம். ஆனால் பலகையில் எழுதிய நேரம் வேறு, கதவு திறந்திருக்கும் நேரம் வேறு என்பது பலகைகளோடு வாழ்ந்து பழகிய நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கான சொட்டு மருந்துப் புட்டியும் பாகு மருந்தும் இருக்கின்றனவா, பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்கிறார்கள். எத்தனை சதுர அடி வீடு, யாருக்குத் தகுதி என்று இரவெல்லாம் பேசுகிறோம். பிள்ளை மருத்துவ நிலையம் வரைபடத்தில் எங்கே என்று ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்கு மராத்தி தெரியாது, இந்தியும் தடுமாற்றம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெண்ணுக்குத் துணையாக நகரத்தில் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தோம். "எத்தனை நாளாக?" என்ற கேள்வி புரியாமல் அவள் விழித்தபோது, "படிக்காத ஜென்மங்கள்" என்ற பொருளில் ஒரு வசை விழுந்தது. அவள் பிளஸ் டூ படித்தவள்! வெளியே வந்து, "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டோம். "மருந்து குடுத்துட்டாங்கல்ல அண்ணாச்சி, அது போதும்" என்றாள். இந்தப் 'போதும்' என்பதைத்தான் அறிக்கை எழுதுகிறவர்கள் திருப்தி என்று மொழிபெயர்க்கிறார்கள்.

அதற்காகச் செவிலியரை எதிரியாக நினைப்பது நம் வழியல்ல. ஒருவர் செய்ய வேண்டிய இடத்தில் நூறு பேர் வரிசை நின்றால் யாருக்குத்தான் பொறுமை நிற்கும்? தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியதை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே வீடு வீடாக வரும் மாநகராட்சிச் சுகாதாரத் தொண்டர்களும் 'மதிப்பூதியம்' என்ற பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். சம்பளம் என்று சொல்ல மனம் வராதவர்கள் கண்டுபிடித்த சொல் அது! அவர்கள் கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒரே தாளில் எழுதப்பட வேண்டியவை.

அட்டை எந்த ஊரில்?

கடைசியாக, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சங்கடம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாதரில் வண்டி ஏறுகிற பெண்ணும், கைக்குழந்தையோடு நான்கைந்து மாதம் கழித்துத் திரும்புகிற பெண்ணும் ரயில்வேயில் இருக்கும் நம் கண்ணுக்குப் பழகிய காட்சி. பிறந்த உடனும், 6, 10, 14 வாரங்களிலும் போட வேண்டிய ஊசிகளை ஊர் நர்சம்மா தேதி தவறாமல் போட்டுவிடுவார். பிறகு பிள்ளை இங்கே வருகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி. பதினாறு மாதத்துக்கு மேல் இரண்டாவது தட்டம்மை ஊசி. அந்தத் தேதிகளில் பிள்ளை எங்கே இருக்கிறது? ஊர் நோட்டில் 'பம்பாய் போய்விட்டது' என்று இருக்கும். பம்பாய் நோட்டில் பெயரே இருக்காது. அட்டை பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கும், அதுவும் எந்த ஊர்ப் பரண் என்று தெரியாது!

இதன் விளைவை 2022-இன் கடைசி மாதங்களில் இந்நகரம் கண்டது. கோவண்டியில் தொடங்கிய தட்டம்மை நம் பகுதிகள் உட்படப் பல வார்டுகளுக்குப் பரவியது. மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. கொரோனா காலத்தில் விட்டுப்போன ஊசிகளும் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களும் அதற்குக் காரணங்களில் முக்கியமானவை. அம்மை என்றால் மாரியம்மன் விளையாட்டு என்று வேப்பிலை கட்டிக் கதவைச் சாத்தும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. தட்டம்மையில் நுரையீரல் அழற்சி வந்தால் வேப்பிலை என்ன செய்யும்?

2024-இல் நாடு முழுவதற்கும் 'யூ-வின்' என்ற கணினிப் பதிவு வந்துவிட்டது. எந்த ஊரில் ஊசி போட்டாலும் ஒரே கணக்கில் ஏறும் என்கிறார்கள். கைப்பேசியிலேயே சான்று எடுக்கலாம் என்கிறார்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு இல்லை. அது யாருடைய எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சி எண், மாமா எண், மகன் எண் என்று ஒரே பிள்ளை மூன்று இடத்தில் கிடந்தால் பழைய டிரங்குப் பெட்டிக் கதைதான்.

நமது சங்கம் செய்ய நினைப்பதைச் சொல்லிவிடுகிறோம். திருப்தியா என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் விரட்ட வேண்டாம், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஆனால் "திருப்தி" என்றோ "இல்லை" என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வேண்டாம். எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்களா, எடை போட்டார்களா, எழுதிய மருந்து அங்கேயே கிடைத்ததா வெளியே வாங்கச் சொன்னார்களா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று புரியும் மொழியில் சொன்னார்களா என்று சொல்லுங்கள். அந்த நேரத்தையும் மருந்தையும் அவர்கள் எழுதிக்கொள்ளும் வரை அடுத்த கேள்விக்குப் போக விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும், கடைசியாகப் போன நிலையத்தின் சீட்டையும் எடுத்து வரவும். சீட்டின் பின்புறம் வரிசையில் நின்ற நேரத்தையும் மருந்து வாங்கிய நேரத்தையும் பென்சிலால் குறித்து வந்தால் போதும். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஊருக்குப் பேசிவிட்டு வரவும். விட்டுப்போன தேதிகளை நாம் ஒரு நோட்டில் எழுதி, அந்தந்த வார்டு சுகாதார அலுவலரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கப் போகிறோம். மராத்தியில் மனு எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருவர் தேவைப்படுகிறார்கள்.